அய்யா விழுந்த வயல்

கீழப்பாவூருக்கு மேற்கே கருக்கன்குளத்துப் பாசனப் புரவில் நான்கு பக்கமும் பச்சை நிற்கும்; நடுவில் ஒரு துண்டு மட்டும் கோரையும் எருக்குமாகக் கிடக்கும். மண்ணுக்குக் குறையில்லை. சிற்றாற்று வாய்க்கால் அதன் தலைமாட்டில்தான் ஓடியது. மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக ஏறிப் பாயும். ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஏர் இறங்கவில்லை. ஊரில் அதற்கு ‘அய்யா விழுந்த வயல்’ என்று பேர். விழுந்த அய்யா குற்றாலிங்கம், செல்லச்சாமியின் தகப்பனார்.

அது ஒரு கார் சாகுபடிக் காலம். முறை தவறி மடையைத் திறந்தவன் பக்கத்து வயல்காரன் சொரிமுத்து. குற்றாலிங்கம் போய் மடையை அடைத்தார். வாய்ச்சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டு வார்த்தைதான். அடைத்த மண்ணை மிதித்து இறுக்க அவர் குனிந்தபோது சொரிமுத்துவின் மண்வெட்டி பிடரியில் இறங்கியது. இரண்டாவது வெட்டு தோளில். குற்றாலிங்கம் அங்கேயே சாய்ந்துவிடவில்லை. எழுந்து, வரப்பைத் தாண்டி, தன் வயலுக்குள் வந்து, தன் நாற்றின் மேல்தான் விழுந்தார். தேங்கி நின்ற தண்ணீர் சிவந்து, நாற்றின் அடிகளைச் சுற்றிப் பரவியது. கஞ்சிக் கலயத்தோடு வந்த மகள் ஆவுடைத்தாய் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. சொரிமுத்து அன்றைக்குக் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தான் என்று நாலு பேர் கற்பூரம் அணைத்த கையோடு கூண்டேறிச் சொன்னார்கள். ஆவுடைத்தாயை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். எந்தக் கையை ஓங்கினான், வெயில் எந்தப் பக்கம், உன் கண்ணில் தண்ணீர் இல்லையா என்று கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளையை நடுங்க வைத்தார். சாட்சி நம்பத்தக்கதல்ல என்று சொல்லி ஜட்ஜு சொரிமுத்துவை விட்டுவிட்டார். குற்றாலிங்கத்தை வெட்டியவர் யாரும் இல்லை என்று ஆயிற்று.

செல்லச்சாமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அரிவாளைத் தீட்டி வைத்திருந்தான். அந்த அரிவாளுக்கு வேலை வருமுன்னே சொரிமுத்து பேதி கண்டு பாயில் கிடந்து செத்தான். சொந்தக்காரர்கள் சொரிமுத்துவின் மகன் நல்லக்கண்ணுவைக் காட்டினார்கள். செல்லச்சாமி காறித் துப்பினான்.

“அப்பன் வெட்டுனதுக்கு மவன வெட்டச் சொல்லுதியளா? நான் மாடு திருடப் போறவன்னு நெனச்சியளா?”

அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டுப்பட்டவன் விழுந்த மண்ணில், அந்த ரத்தத்துக்குப் பதில் ஆகும்வரை ஏர் பூட்டக்கூடாது. விற்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது, அதிலிருந்து ஒரு காசு கைக்கு வரக்கூடாது. வந்தால் அந்தக் காசுக்குச் செத்தவரை விற்றதாக அர்த்தம். பதில் சொல்ல வேண்டியவன் செத்துப்போன பிறகு பதில் எங்கிருந்து வரும்? ஆகவே அந்த வயல் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. வரி மட்டும் செல்லச்சாமி வருஷம் தவறாமல் கட்டினான்.

அப்புறம் யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. தென்காசியில் ரேஷன் கடை வாசலில் சனம் முட்டிக்கொண்டது. செல்லச்சாமியின் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போய்விட்டான். பெண்டாட்டி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த ஆவுடைத்தாய்தான் வீட்டை நடத்தினாள்.

அந்த வருஷம் ஆனி மாதம் வில்வண்டியில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். அகமது கபீர் என்று பேர். தென்காசிக்காரர், விவசாய இலாகா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற மரியாதை தெரிந்த மனிதர். ஆவுடைத்தாய் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, தரிசை ஒடச்சு நெல்லு போடுதவங்களுக்குச் சர்க்கார் மானியம் குடுக்கு. வெதையும் பாதி வெலைதான். உங்க வயலு ஒண்ணு சும்மா கெடக்குன்னு கணக்குல இருக்கு.”

“சும்மா கெடக்கல, சாயபு. அது எங்கய்யா விழுந்த எடம்.”

கபீருக்குக் கதையை கிராம முன்சீப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தினார். “தெரியும் அண்ணாச்சி. ஆனா உத்தரவு அப்படி. ஆடிக்குள்ள நீங்க உழலைன்னா, யாரு கேக்காங்களோ அவங்களுக்குப் பயிர் வைக்கக் குடுத்துருவாங்க. மானியமும் பயிர் வச்சவங்களுக்குத்தான். நீங்களே உழுதுருங்களேன். உங்க மவன் பட்டாளத்துல திங்குத சோறும் இதுமாதிரி வயல்ல வெளஞ்சதுதானே?”

மகனைப் பற்றிச் சொன்னது செல்லச்சாமிக்கு உறைத்தது. ஆனாலும் தலையை ஆட்டினான். “நெல்லு வேணும்னா என் மத்த வயல் நெல்லு அம்புட்டையும் அள்ளிட்டுப் போங்க. ஒரு சொல்லு கேக்க மாட்டேன். அந்த மண்ணுக்குக் காசு வாங்கச் சொல்லாதீங்க.”

கபீர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வணங்கிவிட்டு வண்டி ஏறினார்.

ஆடி அமாவாசைக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் குற்றாலத்துக்குப் போகும். அருவியில் முழுகி, செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, கோயிலில் கும்பிட்டுத் திரும்பும். அன்றைக்கு யாரும் ஆயுதம் எடுத்துப்போவதில்லை. செல்லச்சாமி எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கு நடந்தான். சாரல் கனத்து அடித்தது. அருவிக்குக் கீழே, அதே மாதிரி எண்ணெய் வழிய வழிய நின்றவன் நல்லக்கண்ணு. அவனும் தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்கத்தான் வந்திருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு நல்லக்கண்ணு பேசினான். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் பேசினான்.

“வே! அந்தத் தரிசை நான் எழுதிக் கேட்டுருக்கேன். புரட்டாசியில ஏர் பூட்டப் போறேன்.”

“எதுக்குலே?”

“எதுக்கா? என் வயலுக்கு எதுத்தாப்புல கெடந்துக்கிட்டு அது எங்கப்பன் பேரைக் கூவுது. எம் மவள பொண்ணு பாக்க வாரவன்லாம் அந்த எருக்கங்காட்டத்தான் மொதல்ல பாக்கான். பாத்துட்டுத் திரும்பிப் போயிருதான். மூணு மவ வச்சிருக்கேன். பச்சை போட்டு மூடப் போறேன்.”

“மூடுதியா? எங்கய்யா ரத்தத்த மூட நீ யாருலே?”

“ரத்தம், ரத்தம்! கோர்ட்டு என்ன சொல்லிச்சு? எங்கப்பன் வெட்டலன்னு சொல்லிச்சு. உம் தங்கச்சி கண்டது கனவுன்னு சொல்லிச்சு.”

செல்லச்சாமி பாய்ந்தான். அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் பிறகு அதை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் எண்ணெய். பிடித்த இடமெல்லாம் வழுக்கியது. கழுத்தைப் பிடித்தால் கை நழுவித் தோளுக்குப் போனது. இடுப்பைக் கட்டினால் மீன் போல ஒருவன் உருவிக்கொண்டான். பிடிக்க முடியாததால் மோதினார்கள். நெற்றியால் மூக்கில் இடித்தான் செல்லச்சாமி. நல்லக்கண்ணு அவன் காதைப் பல்லால் கவ்வினான். தண்ணீர் இரண்டு தலையிலும் கல் மாதிரி விழுந்தது. கால் வழுக்கிப் பாறையில் இருவரும் உருண்டார்கள். செல்லச்சாமி மேலே வந்து நல்லக்கண்ணுவின் தலையைப் பாறையோடு சேர்த்து அழுத்தினான். நல்லக்கண்ணுவின் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் புகுந்து கண் செருகியது.

“விடுடா! அமாவாசையும் அதுவுமா! அருவிக்கரையில கொலையா?” என்று ஆறேழு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவர்களுக்கும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வேட்டியைச் செல்லச்சாமியின் மார்புக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று, வண்டியை இழுப்பதுபோல இழுத்துத்தான் பிரித்தார்கள்.

நல்லக்கண்ணு ரத்தத்தைத் துப்பிவிட்டு உட்கார்ந்தான். “உழுவேன்லே. பாரு,” என்றான்.

சொன்னபடி உழுதான். ஆடி முடிந்ததும் உத்தரவு அவன் பேருக்கு வந்தது. புரட்டாசியில் மழை இறங்கியதும் நாலு ஏர், அதோடு வேல்கம்பு பிடித்த மச்சினன் சங்கிலி, இன்னும் சில ஆட்கள் என்று வந்து வயலில் இறங்கினான். சேதி வந்தபோது செல்லச்சாமி சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஆவுடைத்தாய் சோற்றை இலையில் போடாமல் சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, எருக்கெல்லாம் பிடுங்கிட்டாங்களாம். அய்யா தல சாஞ்ச எடத்துல கொழு ஏறிட்டாம். நீ சோறு திங்கியா?”

செல்லச்சாமி கை கழுவாமலே எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். வரப்பில் சங்கிலி மறித்தான். சங்கிலி கம்பை வீசினான்; அடி செல்லச்சாமியின் விலாவில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவன் கம்பு ஓங்கியபோது செல்லச்சாமி அரிவாளைத் திருப்பி, அதன் முதுகால் அவன் தோள்பட்டையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் ஏர்க்காரர்களுக்குக் கேட்டது. மாடுகள் மிரண்டன. மற்றவர்கள் வேல்கம்புகளை நீட்டி நின்றார்கள்; முன்னால் வரத்தான் யாரும் இல்லை.

செல்லச்சாமி அவர்களைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தான். முக்கால்வாசி புரண்டுகிடந்தது. கறுத்த மண், ஈரமும் மினுக்குமாக, இருபத்திரண்டு வருஷத்துச் சத்து அப்படியே தெரிந்தது. உழுததை யார் என்ன செய்ய முடியும்? உத்தரவு போட்டது சர்க்கார். நல்லக்கண்ணு இல்லையென்றால் இன்னொருவன் உழுதிருப்பான். அஸ்ஸாமில் மகன் ஏதோ ஒரு தகரத்தட்டில் சோறு வாங்குகிறான். இவ்வளவும் அவன் மனதில் ஓடியது. அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

“நல்லக்கண்ணு, கேட்டுக்கோ. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. உழுதது உழுததுதான்; அது சர்க்கார் கட்டாயம். நெல்லு வெளையட்டும், பசிச்சவன் திங்கட்டும். உன் வெதை நெல்லுக்கும் நீ பட்ட பாட்டுக்கும் உள்ள வெளைச்சலை நீ அள்ளிக்கோ. ஆனா அந்த மானியம் இருக்கே, அது இந்த மண்ணுக்குக் குடுக்குத காசு. எங்கய்யா கெடந்த மண்ணுக்குக் காசு வாங்குத கையை நான் வெட்டுவேன். உசுரை எடுக்க மாட்டேன். உங்கப்பன் செஞ்சதுக்கு நீ பொறுப்பில்ல. நீ செய்யுததுக்குத்தான் உன் கை பொறுப்பு.”

சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். வீட்டில் ஆவுடைத்தாய் கேட்டாள். சொன்னான். அவள் அப்புறம்தான் சோறு போட்டாள்.

அந்தச் சொல் கருக்கன்குளத்தில் மட்டும் நிற்கவில்லை. ஆலங்குளம் சந்தை வரை போயிற்று. புரட்டாசியில் போட்ட பிசானப் பயிர் நாற்றுப் பிடித்து, தூர் கட்டி, பொதி தள்ளி வளர வளர அந்தப் பேச்சும் வளர்ந்தது. நல்லக்கண்ணு எங்கே நடந்தாலும் அவன் வலது கையைத்தான் சனம் பார்த்தது. சாயாக்கடையில் ஒருவன் சொன்னான்: “மாப்ள, எடது கையால வாங்கிப்போடு. சோறு திங்க ஒரு கையாவது மிஞ்சும்.” இன்னொருவன், “வாய் தொறந்து நோட்டைக் கவ்விக்கிடப்பா, நல்லக்கண்ணு. சொன்னவன் கையத்தானே சொன்னான்?” என்றான். நல்லக்கண்ணு அவன் முகத்தில் சாயாவை வீசிவிட்டு வந்தான்.

முன்சீப்பு ஆவுடைநாயகம் வயதானவர், இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அவர் நல்லக்கண்ணுவிடம் போய்ச் சொன்னார்: “ஏலே, தென்காசி ஆபீசுல போய்ச் சத்தமில்லாம வாங்கிக்கோ. நான் கபீர்கிட்ட சொல்லுதேன்.”

“மாமா, நான் வாங்காம விட்டாலும் கவலையில்ல. அந்தக் காசுல எனக்கு மச்சு வீடு வரப்போறதில்ல. ஆனா இப்ப வாங்காம விட்டா, இல்ல ஒளிஞ்சு போய் வாங்கினா, எம் மவளுக எங்க தல நிமிந்து நடக்கும்? அப்பன் கொலகாரன், மவன் பேடின்னு ஆயிரும்லா? அந்த வயல்ல நின்னு, இந்தக் கையாலதான் வாங்குவேன்.”

செல்லச்சாமியிடமும் முன்சீப்பு போனார். “சொன்னதைத் திருப்பி எடுத்துரு, வே. பய மூணு பொட்டப்பிள்ள வச்சிருக்கான்.”

“எடுக்கலாம் மாமா. எடுத்துட்டு எந்த ஊர்ல போய் இருக்கட்டும்?”

முன்சீப்பு அதற்கு மேல் நிற்கவில்லை. மானஸ்தர்கள் இரண்டு பேர் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒதுங்க யாருக்கும் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரும் அதே ஊர்க்காரர்தான்.

தை கடைசியில் கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது கபீர் வந்தார். பயிரைக் கண்ணால் பார்த்து மானியத்தை வயலிலேயே பட்டுவாடா செய்வது அப்போதைய வழக்கம். அவருக்கு விஷயம் யாரும் சொல்லவில்லை. அந்நியரிடம் வீட்டுச் சண்டையைச் சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. வந்தவர் முதலில் செல்லச்சாமி வீட்டுக்குப் போய் நலம் விசாரித்தார். அன்றைக்கும் அங்கே மோர் குடித்தார்.

வயலைச் சுற்றி வரப்பெல்லாம் ஆட்கள். செல்லச்சாமி வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரத்தடியில் நின்றான். மேல்துண்டு தோளில் கிடந்தது. அரிவாள் முதுகுப் பக்கம் இடுப்பில். கபீர் பயிரைப் பார்த்து, “இந்தத் தாலுகாவுல இப்படி ஒரு வெளைச்சல் நான் பாக்கல,” என்று மனதாரச் சொன்னார். ரூபாயை எடுத்து நீட்டினார்.

நல்லக்கண்ணு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடக்கினான். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் காட்டினான். பிறகு அந்தக் கையாலேயே வாங்கினான். வாங்கியதை மடியில் வைக்கவில்லை, பிடித்தபடியே நின்றான்.

எல்லார் கண்ணும் பூவரச மரத்தடிக்குப் போயிற்று. செல்லச்சாமி அசையவில்லை. சிலருக்கு ஏமாற்றம், சிலர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆவுடைத்தாய் மட்டும் அண்ணனைப் புரிந்துகொண்டாள். தன் வீட்டில் மோர் குடித்த விருந்தாளியின் கண்முன்னே அவன் ரத்தம் சிந்தமாட்டான்.

கபீர் கைரேகை வாங்கி, கும்பிட்டு, வண்டி ஏறினார். வண்டி குளத்துக்கரை மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, மாட்டுமணிச் சத்தம் அடங்கிற்று. நல்லக்கண்ணுவும் அதுவரை காத்து நின்றான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அந்த அளவுக்கு அவனும் மனுஷன்தான்.

செல்லச்சாமி வாய்க்காலைத் தாண்டி வந்தான்.

“கீழ போட்டுரு, நல்லக்கண்ணு. போட்டுட்டா கையோட போலாம்.”

“எங்கப்பன் மாதிரில்லா எனக்கு உத்தரவு போடுத! எடுலே அருவாள!”

நல்லக்கண்ணு இடது கையில் ஒரு கம்பை வைத்திருந்தான். அதை வீசினான். செல்லச்சாமியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. மறைத்த கண்ணோடு அவன் நுழைந்து, நல்லக்கண்ணுவின் வலது கையை விரலோடு சேர்த்துப் பிடித்து, வரப்புக் கல்லின் மேல் இழுத்து வைத்து, ஒரே வெட்டாக வெட்டினான். முழங்கைக்குக் கீழே துண்டாயிற்று. விரல்கள் பணத்தைப் பிடித்தபடியே கதிருக்குள் போய் விழுந்தன.

நல்லக்கண்ணு அலறவில்லை, தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெட்டுண்ட கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தான். செல்லச்சாமி தன் மேல்துண்டை உருவி, அவன் கையைச் சுற்றி முறுக்கிக் கட்டினான். “உசுரை எடுக்க மாட்டேன்னு சொன்னேன்லா,” என்றான். கட்டிக்கொண்டிருக்கும்போதே சங்கிலி, ஒரு தோள் தொங்க, மறு கையால் வேல்கம்பைப் பின்னாலிருந்து குத்தினான். அது இடுப்புக்கு மேலே நுழைந்தது. செல்லச்சாமி கட்டு முடிச்சைப் போட்டு முடித்த பிறகே திரும்பினான். கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்து எறிந்தான். அப்புறம் இரண்டு தரப்பும் பாய்ந்தன. விளைந்த பயிரில் கம்பும் கல்லும் விழுந்து, ஆட்கள் புரண்டு, அந்த வயல் நெல் அரையும் குறையுமாக மண்ணோடு மிதிபட்டது.

செல்லச்சாமி அந்த அடிதடியில் இல்லை. இடுப்பில் வேட்டியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, அரிவாளோடு பாவூர்ச்சத்திரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். அங்கே அரிவாளை மேசை மேல் வைத்து, “கருக்கன்குளம் குற்றாலிங்கம் மவன் செல்லச்சாமி. நல்லக்கண்ணு கையை நான் வெட்டிட்டேன்,” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தான்.

குத்து ஆறி அவன் தென்காசி சப்ஜெயிலில் இருந்தபோது முன்சீப்பு ஆவுடைநாயகம் பார்க்க வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“வே, வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். போலீசுக்கிட்ட நீ ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாதாம். கபீர் சாயபு எதையும் கண்ணால பாக்கல. ஊர்ல ஒரு பய வாய் தொறக்க மாட்டான். மிச்சம் நல்லக்கண்ணு சாட்சிதான். அவன் உன்னைச் சொல்ல மாட்டானாம்.”

“ஏன்?”

“உழவுமாடு மெரண்டு, கலப்பையில கை மாட்டி அறுந்துபோச்சுன்னு சொல்லப்போறான். என்கிட்ட சத்தியம் பண்ணிட்டான். ‘எங்கப்பன் பொய்ச்சாட்சியில தப்பிச்சான் மாமா, செல்லச்சாமியும் பொய்ச்சாட்சியில தப்பட்டும். சரிக்குச் சரியாப்போச்சுன்னு ஊர் சொல்லட்டும். எம் மவளுக்கு இனியாவது எவனாவது பூ வச்சிட்டுப் போவான்’னு சொல்லுதான். பெரிய மனசுவே அவனுக்கு.”

செல்லச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அப்போ, நல்லக்கண்ணு கையை யாரும் வெட்டலன்னு ஆயிரும்.”

“ஆமா.”

“எங்கய்யாவையும் யாரும் வெட்டலன்னு ஆயிரும். ரெண்டும் ஒண்ணாயிரும்.”

“அது பழங்கதைவே. ஏழெட்டு வருஷம் ஜெயிலு தப்புதுல்லா?”

செல்லச்சாமி உள்ளே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். முன்சீப்பு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணையன்று கோர்ட்டு வாசல் வரை கூட்டம். ஆவுடைத்தாய் சுவரோரம் நின்றாள். நல்லக்கண்ணு கூண்டில் ஏறினான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சத்தியம் செய்யச் சொன்னபோது வலது தோளை உயர்த்தினான். சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது. பிறகு இடது கையைத் தூக்கினான்.

“உன் கையை வெட்டியது யார்?” என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

“யாரும் வெட்டலய்யா. மாடு மெரண்டுது. கை கலப்பையில மாட்டிக்கிட்டு.”

“கதிர் முற்றிய வயலில் கலப்பை எதற்கு?”

சிலர் சிரித்தார்கள். நல்லக்கண்ணு சிரிக்கவில்லை. “பக்கத்து வயல்ல உழுதேன். யாரும் வெட்டல,” என்று அதையே சொன்னான். சொல்லிவிட்டுச் செல்லச்சாமியை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. இந்தா, எடுத்துக்கொள் என்பதுபோல இருந்தது.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். செல்லச்சாமியின் வக்கீல் எழுந்து, சாட்சியமே இல்லாத வழக்கு என்று ஆரம்பித்தார்.

“இருங்கய்யா.” செல்லச்சாமி கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். “சாட்சி பொய் சொல்லுதான். மாடும் இல்ல, கலப்பையும் இல்ல. நான்தான் வெட்டுனேன்.”

“நீர் எதுவும் சொல்ல வேண்டாம்! உட்காரும்!” என்று வக்கீல் பதறினார்.

“உக்கார மாட்டேன். எங்கய்யாவை இவன் அப்பன் வெட்டுனதை எந்தங்கச்சி கண்ணால பாத்தா. அதை இல்லன்னு சொல்லிட்டுப் போனான் அவன். வெட்டிட்டு இல்லன்னு சொல்லுத வழக்கம் எங்க வீட்டுல கெடையாது. பகல்ல, ஊர் பாக்க, சொல்லிட்டுத்தான் வெட்டுனேன். எழுதிக்கிடுங்க.”

மாஜிஸ்திரேட் அவனையே பார்த்தார். “யோசித்துச் சொல்லும். இதற்கு என்ன தண்டனை தெரியுமா?”

“தெரியும்.”

அப்போதுதான் நல்லக்கண்ணு கூண்டிலிருந்து குதித்தான். கை துண்டானபோது அலறாதவன் இப்போது அலறினான்.

“கையும் போச்சுலே! கையத்தான எடுத்த, நான் குடுத்த சாட்சியையும் எடுத்துக்கிட்டா என்ன? எங்கப்பன் கொலகாரன்னு கோர்ட்டுல சொல்லி எம் மவளுகள நாசம் பண்ணிட்டியே!”

இரண்டு சேவகர்களைத் தள்ளிவிட்டு வந்து, மிச்சமிருந்த இடது கையால் செல்லச்சாமியின் குரல்வளையைப் பிடித்தான். வெறுமையான சட்டைக்கை அவன் முகத்தில் அடித்தது. போலீஸ்காரன் ஒருவன் முதுகில் தடியால் போட்டான், பிடி தளரவில்லை. செல்லச்சாமியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் கைகள் சட்டத்தின் மேலேயே இருந்தன. தடுக்க ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை.

மூன்று பேர் சேர்ந்து நல்லக்கண்ணுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அவனைத் தரையில் போட்டு அமுக்கியபோது கோர்ட்டு முழுக்க அவன் அழுகைதான் கேட்டது.

செல்லச்சாமி இருமி மூச்சைப் பிடித்துக்கொண்டான். தொண்டை கம்மியிருந்தது, ஆனாலும் சுவரோரம் நின்ற தங்கைக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னான்.

“எழுதியாச்சாய்யா? செல்லச்சாமி. அய்யா பேரு குற்றாலிங்கம்.”